தங்கையின் ஆட்டோவில் செய்த பட்டை வண்டி

விருத்தாசலத்தில் செராமிக் தொழிற்பேட்டைப் பக்கம் வந்து என் வீட்டுக்கு வழி கேட்டால், "பட்டை வண்டி செஞ்சாரே, அவரு வூடுதானே" என்று கையைக் காட்டுவார்கள். இருபத்தெட்டு வருடம் அந்தப் பேட்டையில் ஃபிட்டராக இருந்திருக்கிறேன். களிமண் பிசையும் மிஷினும், சூளைக்குள் போய்வரும் டிராலியும் என் கை படாமல் ஓடியதில்லை. அதற்கெல்லாம் கிடைக்காத பெயர் அந்த ஒரு வண்டிக்குக் கிடைத்தது. இன்றைக்கும் ஐப்பசி மழை பிடித்தால் பெண்ணாடம் பக்கத்திலிருந்து போன் வரும், சேற்றிலிருந்து கரும்பை இழுத்துத் தரச் சொல்லி. போகிறேன், இழுத்துக் கொடுக்கிறேன். ஆனால் யாராவது என்னை "இன்ஜினியர்" என்று கூப்பிட்டால் உடம்பு கூசுகிறது. ஏன் என்று மனைவியிடம் முக்கால்வாசி சொல்லியிருக்கிறேன். சொல்லாமல் விட்ட கால்வாசியில்தான் விஷயமே இருக்கிறது.

பட்டை வண்டி என்றால் டயர் தரையில் படாத வண்டி. பெரிய பொக்லைனுக்கு இரண்டு பக்கமும் சங்கிலிப் பட்டை சுற்றிக்கொண்டே ஓடுமே, அந்த மாதிரி. டயர் ஒரே இடத்தில் அழுத்துவதால் சேற்றில் புதைந்துவிடும். பட்டை நீளமாகப் பரவி நிற்பதால் புதையாது. எங்கோ ஒரு குளிர் நாட்டில் ஒருவன் இப்படிச் சொந்தமாக வண்டி செய்து பனியில் ஓட்டுவதைப் போனில் பார்த்தேன். நமக்குப் பனி இல்லை, சேறு இருக்கிறது என்று அப்போதே மனதில் ஓடியது.

அந்த வருடம் பெண்ணாடம் பக்கம் என் மச்சினன் வயலில் கரும்பு வெட்டச் சர்க்கரை ஆலையிலிருந்து உத்தரவு வந்த சமயம் பார்த்து மழை அடித்தது. உள்ளே போன டிராக்டர் அச்சு வரைக்கும் இறங்கிவிட்டது. அதை இழுக்கப் போன டிராக்டரும் இறங்கிவிட்டது. நான் வரப்பில் நின்றுகொண்டு, இந்தச் சேற்றில் போகிற வண்டியை நான் செய்து காட்டுகிறேன் என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னேன். மச்சினன் சிரித்துவிட்டு, பீங்கான் கம்பெனியில் ஸ்பேனர் பிடிக்கிறவர் ராக்கெட் விடப் போகிறார் என்றான். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் இருக்கும். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் பஸ்ஸில் நின்றுகொண்டே மனதுக்குள் வண்டியைப் பூட்டிக்கொண்டு வந்தேன்.

பட்டைக்குக் கவலைப்படவில்லை. நிலக்கரிச் சுரங்கத்தில் ஓடித் தேய்ந்த கன்வேயர் பெல்ட் எங்கள் பக்கம் தாராளமாகக் கிடைக்கும். மாட்டுக் கொட்டகையில் மாடு வழுக்காமலிருக்க அதைத்தான் விரித்துப் போடுவார்கள். அதில் இரண்டு துண்டு வாங்கினேன். உள்ளே உருளும் சக்கரத்துக்கு, எங்கள் யூனிட்டில் ஒதுக்கிப் போட்ட சூளை டிராலியின் இரும்புச் சக்கரங்களை முதலாளியிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன். பேட்டையிலேயே வெல்டிங் பட்டறை வைத்திருந்த நண்பர் ஒருவர் சட்டம் அடித்துத் தர ஒப்புக்கொண்டார். இடிந்த ஷெட்டின் ஆங்கிள், மூடிய யூனிட்டின் போல்ட், இப்படி எல்லாம் சேர்ந்துவிட்டது. இன்ஜின்தான் இல்லை.

இன்ஜின் மட்டும் போதாது. பட்டை வண்டிக்கு ஸ்டியரிங் கிடையாது. வலப்பக்கப் பட்டையை நிறுத்தினால் வண்டி வலப்பக்கம் திரும்பும், இடப்பக்கத்தை நிறுத்தினால் இடப்பக்கம். ஆக இரண்டு பக்கத்துக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்க வேண்டும், இரண்டு பக்கத்துக்கும் தனித்தனி பிரேக் வேண்டும். டீசல் ஆட்டோவில் இன்ஜின், கியர், விசை பிரிக்கும் டப்பா, இரண்டு பக்க பிரேக் டிரம் எல்லாம் பின்னால் ஒரே கட்டாக இருக்கும். அப்படியே அள்ளி வைத்தால் வேலை முடிந்தது. இதை யோசித்த அன்றைக்கே என் தங்கை வீட்டு வாசலில் நீலத் தார்ப்பாய் போட்டு நிற்கும் ஆட்டோ நினைவுக்கு வந்துவிட்டது. நினைவுக்கு வந்தபோது சந்தோஷமாகத்தான் இருந்தது.

தங்கையின் புருஷன் ஜங்ஷன் ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டியவர். மஞ்சள் காமாலை முற்றிப் போய்ச் சேர்ந்தார். ஒரே மகள், அப்போது பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். பதினாறாம் நாள் காரியத்துக்குப் பிறந்த வீட்டுக் கோடி எடுத்துக்கொண்டு போனேன். கோடிப் புடவையைத் தங்கையின் தோளில் போட்டவன், இனி அவளுக்கு எல்லாமே தான்தான் என்று நினைத்துக்கொள்வது எங்கள் பக்கத்து வழக்கம். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டேன். சாப்பாடு முடிந்து பந்தலில் உட்கார்ந்திருந்தபோது, மாப்பிள்ளையோடு ஸ்டாண்டில் ஓட்டிய பெரியவர் ஒருவர் என் பக்கத்தில் வந்து, ஆட்டோ வீணாக நிற்க வேண்டாம், தங்கச்சியே ஓட்டட்டும், ஸ்டாண்டில் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று பணிவாகத்தான் சொன்னார்.

"நான் என்ன செத்தா பூட்டேன்? என் தங்கச்சி ரோட்டுல நின்னு சவாரி கூப்புடணுமா?" என்று கத்தினேன். பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார். உள்ளே பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்த தங்கைக்கு அது கேட்காமல் இருந்திருக்காது.

அடுத்த மாதமே பேட்டையில் மின்கம்பத்து இன்சுலேட்டர் செய்யும் ஒரு யூனிட்டில் அவளுக்கு வேலை வாங்கிக் கொடுத்தேன். அச்சிலிருந்து வந்து காய்ந்த பீங்கானின் பிசிறைச் சுரண்டி, ஸ்பாஞ்சால் துடைத்து அடுக்க வேண்டும். காலை எட்டு மணிக்கு நின்றால் சாயந்தரம் வரை நிற்க வேண்டும். சுரண்டச் சுரண்ட வெள்ளைத் தூசு பறக்கும். முகத்தில் துணி கட்டிக்கொண்டாலும் வீட்டுக்கு வரும்போது இமை முடி வெள்ளையாக இருக்கும். ஆறு மாதத்தில் அவளுக்கு ஒரு வறட்டு இருமல் வந்தது. எல்லாருக்கும் வருவதுதான் என்று நான் சொன்னேன். ஆட்டோவை வெள்ளிக்கிழமை தோறும் துடைத்துப் பொட்டு வைப்பாள். செத்தவர் நினைப்பில் செய்கிறாள், செய்யட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் டூல் பையோடு போய்த் தார்ப்பாயை விலக்கினேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை, தெரிந்துவிட்டது. பேட்டரி செத்திருந்தது. டீசல் குழாய் அடைத்திருந்தது. இன்ஜினைக் கையால் சுற்றிப் பார்த்தேன், நல்ல இறுக்கம். அரை நாள் வேலை செய்தால் ஸ்டாண்டுக்கே ஓட்டிக்கொண்டு போகலாம். அப்போது தங்கை டீ எடுத்துக்கொண்டு வந்தாள். "ஓடுமாண்ணா?" என்று கேட்டாள்.

"போர் போயிடுச்சு பாப்பா" என்றேன். இன்ஜினுக்குள் பிஸ்டன் ஓடும் குழல் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். ஆட்டோக்காரன் வீட்டில் பதினாறு வருடம் குடித்தனம் நடத்தியவளுக்கு அது தெரியும். வேறு யாரிடமாவது ஒரு தடவை காட்டலாமா என்று மெதுவாகக் கேட்டாள். என்னைவிட எவன் பார்த்துச் சொல்லிவிடப் போகிறான் என்று எரிந்து விழுந்தேன். பொய் சொன்னவனுக்குத்தான் கோபம் அதிகம் வரும். நீ சொன்னால் சரி என்று டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். இன்ஜினை நான் எடுத்துக்கொள்கிறேன் என்று அவள் முதுகைப் பார்த்துச் சொன்னேன். எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்கவில்லை.

அடுத்த வாரம் குட்டி யானை வண்டி வைத்து ஆட்டோவை ஏற்றினோம். அவள் சீட்டுக்கு அடியிலிருந்த காக்கிச் சட்டையையும் முன்னாலிருந்த சாமி படத்தையும் மட்டும் எடுத்துக்கொண்டாள். ஏற்றும்போது வெல்டர் நண்பர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, தங்கச்சிக்குச் சம்மதம்தானே என்று கேட்டார். அவள் சாமான் வேறு என் சாமான் வேறா, கூடப் பிறந்தவள்தானே என்றேன். கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பது என்று சொல்வார்கள். பிள்ளையாருக்காவது உடைத்திருந்தால் புண்ணியம். நான் எனக்கே உடைத்துக்கொண்டேன்.

பின்கட்டையும், கிளட்ச்சும் கியரும் இருக்கும் ஹேண்டில்பாரையும் கழற்றிக்கொண்டு மீதி உடம்பை கேஸ் கட்டரால் துண்டு போட்டோம். துண்டுகள் பழைய இரும்புக் கடைக்குப் போயின.

அதன் பிறகு ஆறு மாதம் ஞாயிறு தவறாமல் வேலை. அந்த ஆறு மாதமும் நான் ரொம்பச் சந்தோஷமாக இருந்தேன் என்பதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். பெல்ட்டின் குறுக்கே ஆங்கிள் துண்டுகளை வைத்து போல்ட் போட்டோம். நேராகப் போகும்போது நன்றாகப் போகும், திரும்பினால் பட்டை கழன்று விழும். நான்கு ஞாயிறு அதோடு மல்லுக்கட்டினோம். கடைசியில் ஒவ்வொரு ஆங்கிளிலும் மாட்டுக் காது மாதிரி இரண்டு தகடு வைத்து வெல்டு அடித்தோம். சக்கரம் அந்தக் காதுகளுக்கு நடுவில் உருளும், பட்டை நகர முடியாது. அது முதல்முறை கழலாமல் திரும்பியபோது நானும் நண்பரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். தங்கை சில ஞாயிறுகளில் எங்களுக்குச் சோறு கொண்டுவருவாள். பட்டறை வாசலில் நின்று பார்ப்பாள். எதையும் தொடமாட்டாள், இருமல் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருமுவாள்.

வெள்ளோட்டத்துக்குப் பேட்டைக்குப் பின்னால் இருக்கும் பள்ளத்தைத் தேர்ந்தெடுத்தேன். யூனிட்டுகளில் கழித்துவிடும் களிமண் தண்ணீர் வருடக்கணக்காக ஓடித் தேங்கி, தயிர் மாதிரி கிடக்கும் இடம் அது. மழை நாளில் மாடு இறங்கினால் கயிறு போட்டுத்தான் தூக்க வேண்டும். மச்சினனைப் பெண்ணாடத்திலிருந்து வரவழைத்தேன். பேட்டை ஆட்கள், தெரு ஆட்கள், ஸ்டாண்டு ஆட்கள் என்று நல்ல கூட்டம். எல்லார் கையிலும் போன். தங்கையும் வந்து ஓரமாக நின்றாள்.

ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட் செய்தேன். ஒரே தட்டில் பிடித்துக்கொண்டது. பள்ளத்தில் இறக்கினேன். வண்டி குலுங்கிக் குலுங்கிப் போனது, ஆனால் புதையவில்லை. எதிர்க்கரையில் திரும்பும்போது கிளட்ச்சைச் சட்டென்று விட்டுவிட்டேன், இன்ஜின் அணைந்துவிட்டது. மறுபடி ஸ்டார்ட் செய்து தட்டுத்தடுமாறி வந்து சேர்ந்தேன். யாரும் அதைக் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. கைதட்டினார்கள். மச்சினன் வந்து என் கையைப் பிடித்து, அன்று சிரித்ததற்கு மன்னித்துக்கொள்ளச் சொன்னான். எனக்குத் தலை கால் புரியவில்லை. யார் வேண்டுமானாலும் ஓட்டலாம், வாருங்கள் என்று கூட்டத்தைப் பார்த்துச் சவால் மாதிரி சொன்னேன். ஒருவரும் நகரவில்லை.

தங்கைதான் வந்தாள். செருப்பைக் கரையில் விட்டுவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினாள். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எதை எதை அமுக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுக்க வாயெடுத்தேன். அதற்குள் அவள் இடது கையால் கிளட்ச்சைப் பிடித்து, பிடியைத் திருகி, குனிந்து பார்க்காமலே முதல் கியரைப் போட்டுவிட்டாள். வண்டி குலுங்கவே இல்லை. தொட்டிலை ஆட்டி விடுகிற பக்குவத்தில் நகர்ந்தது. எதிர்க்கரையில் ஆக்சிலேட்டரைக் குறைத்து, இடது காலால் இடப்பக்க பிரேக்கை விட்டு விட்டு மிதித்து, நான் அணைத்த அதே இடத்தில் அரை வட்டம் போட்டுத் திரும்பினாள். திரும்பி வரும்போது அவள் முகத்தைப் பார்த்தேன். மாப்பிள்ளை போன பிறகு அந்த முகத்தை நான் பார்த்ததில்லை.

பதினாறாம் நாள் பந்தலில் நான் கத்தி வாயை அடைத்த பெரியவர் என் பக்கத்தில் நின்றிருந்தார். "அவன் சொல்லிக் குடுத்த மாதிரியே ஓட்டுது பாருங்க" என்றார். நான் புரியாமல் பார்த்தேன். மாப்பிள்ளை உயிரோடு இருந்தபோது மணிமுத்தாற்று மணலில் ஞாயிறு தோறும் அவளுக்கு ஆட்டோ ஓட்டச் சொல்லிக்கொடுத்தாராம். அவர் போன பிறகு அவளே போய் எல்.எல்.ஆர். போட்டிருந்தாளாம். டெஸ்ட் மட்டும்தான் பாக்கியாம். வண்டி ரிப்பேர் ஆகிவிட்டது என்று சொல்லித்தான் டெஸ்டுக்குப் போகாமல் நின்றுவிட்டாளாம். உங்களுக்குத் தெரியாதா என்று அவர் என்னைக் கேட்டார்.

அவள் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கினாள். கூட்டம் அவளைச் சுற்றிக்கொண்டது. எல்லாரும் விலகிய பிறகு என் அருகே வந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"போர் போயிடுச்சுன்னியேண்ணா."

"புதுசா போர் அடிச்சு மாட்டுனேன் பாப்பா" என்றேன். சரி என்று தலையாட்டினாள். மாப்பிள்ளை இருந்த காலத்தில் தெருமுனையில் அந்த ஆட்டோவின் சத்தம் கேட்டதும் அடுப்பில் தோசைக்கல்லைப் போட்டவள் அவள். அது அதே இன்ஜின், உள்ளே யாரும் கை வைக்கவில்லை என்று அவளுக்குத் தெரியாமல் இருக்குமா? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற அண்ணனைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனாள்.

நான் ஓட்டிய வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. அவள் ஓட்டியதும் சுற்றியது. இவ்வளவு சுலபமான வண்டி, ஒரு பொம்பளையே ஓட்டுகிறது பார் என்று அதன் கீழே எழுதி அதையும் என் கெட்டிக்காரத்தனமாக்கிவிட்டார்கள்.

மறுநாள் சாயந்தரம் தங்கை வீட்டுக்குப் போனேன். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். அந்தக் கேள்வியையும் அதட்டலாகத்தான் கேட்டேன் என்று இப்போது நினைத்தால் அவமானமாக இருக்கிறது. பதினாறாம் நாள் பந்தலில் நான் பேசியது உள்ளே கேட்டது என்றாள் அவள். என் கோபம் ஆறட்டும், லைசென்ஸ் கைக்கு வந்ததும் அதைக் காட்டிச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தாளாம். வாரிசுச் சான்றிதழ்கூட வாங்கி வைத்திருந்தாள், ஆட்டோவைத் தன் பெயருக்கு மாற்ற. எல்.எல்.ஆர். காகிதத்தை எடுத்துக் காட்டினாள். ஆறு மாதக் கெடு முடிந்து நான்கு நாள் ஆகியிருந்தது.

"காலையில ஸ்கூலு புள்ளைங்கள வுடணும், சாயந்தரம் கூட்டியாரணும், நடுவுல மார்க்கெட்டு சவாரி. அவ்ளோதாண்ணா நெனச்சேன்" என்றாள். "இந்தத் தூசுல நிக்க முடியல."

அவ்வளவுதான் அவள் கேட்டது. தூசு இல்லாத ஒரு வேலை, மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வரும் நேரத்துக்கு வீட்டில் இருப்பது. அதைத்தான் நான் கழற்றிச் சேற்றில் ஓட்டிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன். அப்போதாவது அவள் காலில் விழுந்து, போர் போகவில்லை, நான் சொன்னது பொய் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதற்குப் பதிலாக, கவலைப்படாதே, பழைய ஆட்டோ பாடி ஒன்று பார்த்து இதே இன்ஜினைப் பூட்டித் தருகிறேன் என்று வீராப்பாகச் சொன்னேன். அவள் முகம் மலர்ந்தது. அவ்வளவுக்குப் பிறகும் நம்பினாள்.

சொன்னபடி பட்டை வண்டியிலிருந்து இன்ஜினை இறக்கினேன். வேப்பூர் ரோட்டில் ஒரு மெக்கானிக் ஷெட்டில் பழைய பாடி ஒன்று பார்த்து வைத்தேன். அவள் புதிதாக எல்.எல்.ஆர். போட்டாள். நான் மெக்கானிக். என் கணக்கில் வண்டி என்றால் இன்ஜின்தான். தகரம் மாறலாம், டயர் மாறலாம், இன்ஜின் இருந்தால் வண்டி இருக்கிறது. அதனால் இன்ஜின் நம்பர் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து, அந்த நம்பர் அச்சை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, தங்கையை அழைத்துக்கொண்டு ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போனேன். பெயர் மாற்றமும் பர்மிட் மாற்றமும் ஒன்றாக முடித்துவிடலாம் என்று வழியில் அவளுக்கு விளக்கிக்கொண்டே போனேன். அவள் யூனிட்டில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, வெளுத்த புடவையாக இருந்தாலும் இஸ்திரி போட்டுக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

அதிகாரி நல்ல மனிதர். எங்களை உட்காரச் சொன்னார். காகிதங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார், வாரிசுச் சான்றிதழ் சரியாக இருக்கிறது என்றார். என் பென்சில் அச்சைப் பார்த்துவிட்டு, இது இன்ஜின் நம்பர், சேசிஸ் நம்பர் எங்கே என்று கேட்டார். சேசிஸ் என்றால் வண்டியின் அடிச்சட்டம். அவர்கள் கணக்கில் அதுதான் வண்டி. இன்ஜினை மாற்றலாம், அதற்கு வழி இருக்கிறது. அடிச்சட்டத்தில் குத்தியிருக்கும் நம்பர் போனால் அந்த வண்டி செத்த மாதிரி, அதன் பர்மிட்டும் அதோடு போயிற்று. அந்த நம்பர் குத்திய சட்டத்தை கேஸ் கட்டரால் அறுத்தது என் கை. பழைய இரும்புக் கடையில் அது எப்போதோ லாரி ஏறிவிட்டது. நான் இறக்கி வைத்த இன்ஜினுக்கு இனிப் பட்டை வண்டியைத் தவிர வேறு போக்கிடம் இல்லை.

அதிகாரி தங்கையைப் பார்த்து, வண்டியைக் கொண்டுவந்து காட்டுங்கள், இல்லாத வண்டியை எப்படி உங்கள் பெயருக்கு மாற்றுவது என்றார். நான் வாயைத் திறப்பேன் என்று அவள் ஒரு கணம் காத்திருந்தாள். அந்த ஒரு கணம் எனக்கு நன்றாகத் தெரியும். நான் மேஜை மேல் இருந்த பேப்பர் வெயிட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வண்டி இல்ல சார். நாந்தான் பழைய இரும்புக்குப் போட்டுட்டேன். தெரியாம பண்ணிட்டேன்" என்றாள்.

அதிகாரிக்கு வருத்தம். பர்மிட்டோடு இருந்த வண்டியை யாராவது இரும்புக்குப் போடுவார்களா, ஒரு வார்த்தை யாரையாவது கேட்டிருக்கக் கூடாதா என்று கடிந்துகொண்டார். அவள் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டாள். பிறகு அவர் என் பக்கம் திரும்பினார். என் காக்கிச் சட்டையில் கிரீஸ் கறை இருந்தது, நான் மெக்கானிக் என்று பார்த்தவுடன் தெரியும். விவரம் தெரிந்தவர் நீங்களாவது சொல்லக் கூடாதா, கூடப் பிறந்தவர்தானே என்று கேட்டார்.

இங்கேதான் அந்தக் கால்வாசி இருக்கிறது. நான் பேசாமல் இருந்துவிட்டேன் என்றுதான் மனைவியிடம் சொல்லியிருக்கிறேன். பேசாமல் இருக்கவில்லை.

"சொன்னேன் சார்" என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது. ஆனால் அது என் வாய்தான். சொன்ன பிறகு திருத்திச் சொல்ல நேரம் இருந்தது. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது, அதிகாரி காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தார், நேரம் தாராளமாக இருந்தது. தங்கை என் பக்கம் திரும்பவில்லை. அவரைப் பார்த்தே சொன்னாள்.

"ஆமா சார். அண்ணன் சொன்னாரு. நாந்தான் கேக்கல."

காகிதங்களை மஞ்சள் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தாள். வெளியே வந்ததும் இருமல் வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் தள்ளி நின்றேன். இருமி முடித்ததும், ஆபீஸ் எதிரிலிருந்த கடையைக் காட்டி, டீ குடிக்கிறியாண்ணா என்று கேட்டாள்.

குடித்தேன்.